ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களின் நடப்புக் கோப்பு

ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று யார் சொன்னாலும் அவர் நம்ப மாட்டார். கையெழுத்து வேண்டும். அதுவும் போன வருஷத்துக் கையெழுத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனால் முகம் மலர்ந்து, "ஒத்துப்போகுதுங்க" என்பார். போகாவிட்டால் அன்றைக்கு டீ கூடக் குடிக்க மாட்டார்.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஆறு வருஷமும் அவர் என் வாடிக்கையாளர். வாடிக்கையாளர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். காலை பத்து மணிக்கு, ஆபீஸுக்கு வருகிறவர் போல நாகலூர் பஸ்ஸில் வந்து இறங்குவார். சட்டைக்கு மேல் ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லா, கையில் குடை. சட்டைப் பையில் ஒரு பூதக்கண்ணாடியும் ஒரு பச்சை மைப் பேனாவும் இருக்கும். பச்சை மையில் கையெழுத்துப் போடும் பதவி அவருக்குக் கடைசிவரை வரவில்லை. ரிட்டயர் ஆன மறுநாள் அந்தப் பேனாவை வாங்கிக்கொண்டாராம். என் கடை ஸ்டூலில் உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார்.

முப்பது வருஷத்துக்கு மேல் கருவூலத்தில் வேலை பார்த்தவர். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை நேரில் வந்து, தாங்கள் உயிரோடுதான் இருக்கிறோம் என்று காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும் அல்லவா, அதற்கு நேர்காணல் என்று பெயர். வருகிறவர்களை மேலும் கீழும் பார்த்து, பழைய கையெழுத்தோடு புதியதை ஒத்துப் பார்த்து, 'உயிருடன் உள்ளார், நேரில் கண்டேன்' என்று எழுதுவதுதான் இவர் வேலை. இப்போது மொபைலில் முகத்தைக் காட்டினாலே போதும் என்று ஆகிவிட்டது. அதைச் சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"மூஞ்சியக் காட்டறதுக்கு உசுரு எதுக்குங்க? போட்டோ கூட மூஞ்சியக் காட்டும்" என்பார்.

ஒரு தடவை கடைவீதியில் ஒரு கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். இறந்தவர் அண்ணன், படம் தம்பியுடையது. ஃப்ளெக்ஸ் அடித்தவன் மாற்றிப் போட்டுவிட்டான். ஊரே அந்தத் தம்பியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது, இவர் மட்டும் எங்கிருந்தோ ஓர் ஏணியைக் கொண்டு வந்து சாத்தி, அந்த மனுஷனை மேலே ஏற்றி, அவர் படத்துக்குக் கீழேயே கையெழுத்துப் போட வைத்தார். பக்கத்தில் 'நேரில் கண்டேன்' என்று இவர் பச்சை மையில் எழுதிய பிறகுதான் அவரை இறங்க விட்டார். துக்க வீட்டார் வந்து சத்தம் போட்டார்கள். "நாளைக்கு இவரு செத்துட்டாருன்னு யாராச்சும் சொல்லிட்டா என்னங்க பண்றது?" என்று அவர்களிடமே கேட்டார்.

இப்படிப்பட்டவரிடம் கால்பந்து ஆட்டக்காரர் படம் போட்ட அட்டைகள் போய் மாட்டியதற்கு நான்தான் காரணம். சுற்றுலா வந்த யாரோ ஸ்கேன் எடுத்துவிட்டு ஆறு அட்டைகளைக் கண்ணாடிமேலேயே மறந்துவிட்டுப் போய்விட்டார்கள். அரைக்கால் சட்டை போட்ட வெள்ளைக்காரர்கள். ஒவ்வொருவர் மார்பிலும் பேனாவால் கிறுக்கலாக ஒரு கையெழுத்து. தேடி வருவார்கள் என்று சுவரில் ஒட்டி வைத்தேன். யாரும் வரவில்லை. இவர்தான் வந்து பார்த்தார்.

"கையெழுத்து இருக்குது. தேதி இல்லியே கண்ணு. யாரு இவங்க?"

இன்டர்நெட்டில் தேடிப் பார்த்துச் சொன்னேன். "எல்லாரும் பழைய ஃபுட்பால் பிளேயர்ஸ் ஐயா. ரிட்டயர் ஆயிட்டாங்க."

"ரிட்டயர்டா? அப்ப உசுரோட இருக்கறாங்களா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"தெரியாமயேவா செவுத்துல ஒட்டி வெச்சிருக்கற?" என்றார். எனக்கே ஏதோ தப்புப் பண்ணிவிட்டதுபோல் ஆகிவிட்டது.

அன்றைக்கே ஆறு பேருக்கும் கடிதம் எழுத வைத்தார். அட்டையின் நகல், திரும்பி வர உறை எல்லாம் வைத்து, என் கடை முகவரியையே அலுவலக முகவரி என்று போட்டு அனுப்பினோம். நான் சிரித்துக்கொண்டேதான் டைப் அடித்தேன். மூன்று மாதத்தில் நான்கு பேர் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அன்று தொடங்கியது. அட்டைக்கு அட்டை பை வைத்த இரண்டு ஆல்பம் வாங்கினார். ஒன்றின் மேல் 'நடப்பு' என்றும் மற்றதன் மேல் 'நிறுத்தம்' என்றும் எழுதினார். வருஷா வருஷம் கையெழுத்து வந்தால் நடப்பு, வராவிட்டால் நிறுத்தம். உலகத்தில் அட்டை சேர்க்கிற வேறு எவரும் ஒரே ஆளிடம் வருஷம் தவறாமல் கையெழுத்துக் கேட்டிருக்க மாட்டார்.

ஒரு கோல்கீப்பர் மூன்றாம் வருஷம் கையெழுத்தோடு இரண்டு வரியும் எழுதியிருந்தார். நலமாக இருக்கிறேன், முழங்கால்தான் வலிக்கிறது என்று. "முழங்கால் நமக்குத் தேவையில்லை" என்று இவர் குறிப்பு எழுதி வைத்தார். ஒரு தடுப்பாட்டக்காரர் பெருந்தன்மையாக இரண்டு அட்டையில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். இவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு நாள் முழுக்கப் பார்த்தார்.

"ஒருத்தரு எப்படிங்க ரெண்டு தடவ உசுரோட இருக்க முடியும்?" என்றார். ஒன்றைத் திருப்பி அனுப்பிய பிறகுதான் தூக்கம் வந்ததாம்.

ஃபுட்பாலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஓர் ஆட்டத்தைக் கூட முழுதாகப் பார்த்ததில்லை. அணியை டிபார்ட்மென்ட் என்பார். ஆட்டக்காரர்களை ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்கு மாற்றுவதை டிரான்ஸ்ஃபர் என்றுதான் சொல்கிறார்கள் என்று நான் சொன்னதும் பரம சந்தோஷம். முப்பத்தைந்து வயதில் ரிட்டயர் ஆகிறார்கள் என்றதும், "பாவம், ஏதோ ஒழுங்கு நடவடிக்கையா?" என்று கேட்டார்.

"ஏனுங்கய்யா, சேர்க்கறதுன்னு ஆச்சு, கிரிக்கெட்காரங்களச் சேர்க்கலாமில்ல?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அவங்க உசுரோட இருக்கறாங்கன்னு டிவிக்காரனே தெனமும் காட்டிட்டு இருக்கறான் சாமி. நம்மூருல ஃபுட்பால் ஆடினவங்கள யாரு கேக்கறா, சொல்லு" என்றார்.

அதிலிருந்து நம் நாட்டு ஆட்டக்காரர்களைத் தேட ஆரம்பித்தார். அவர்களுக்கு யார் அட்டை போட்டார்கள்? பழைய பேப்பரில் வந்த படத்தை எடுத்து, பெரிதாக்கி, கெட்டித் தாளில் அச்சடித்து, நான்தான் அட்டை செய்துகொடுத்தேன். பெயர், பதவி, டிபார்ட்மென்ட் என்று கீழே மூன்று வரி. 'நடப்பு' ஆல்பத்தில் கொல்கத்தாவில் ஆடியவர்கள், கோவாவில் ஆடியவர்கள் என்று பதினேழு பேர் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் வடசென்னைக்காரர். பதவி: இடது விங்.

அந்த இடது விங் நான்கு வருஷம் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். ஐந்தாம் வருஷம் வந்த அட்டையில், கோழி கிளறியதுபோல் நாலு கோடுகள் இருந்தன. இவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். பழைய நான்கு அட்டைகளையும் வரிசையாக அடுக்கினார்.

"ஒத்துப்போகலைங்க."

"வயசாயிருச்சு, கை நடுங்கியிருக்கும் ஐயா. விடுங்க."

"நடுங்கினா எழுத்து நடுங்கும். எழுத்தே மாறாது. இது வேற ஆளு போட்டது. அவரு இருக்கறாரோ இல்லியோ."

ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அவரிடம் படிவம் இருந்தது. கருவூலத்தில் முப்பது வருஷம் அவர் கையால் போன படிவம். வரி வரியாக மனப்பாடமாகச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். 'தங்களது கையொப்பம் கோப்பிலுள்ள மாதிரிக் கையொப்பத்துடன் ஒத்துப்போகவில்லை. எனவே முப்பது தினங்களுக்குள் தாங்கள் நேரில் வந்து, உயிருடன் இருப்பதை உறுதி செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். தவறும்பட்சத்தில் தங்களது ஓய்வூதியம் நிறுத்தி வைக்கப்படும்.'

கடைசி வரி வந்தபோது நான் கையை நிறுத்தினேன். "ஐயா, ஓய்வூதியம்னு வருதே? நாம எங்க குடுக்கறோம்?"

"அது ஃபார்ம்ல இருக்கற வரி கண்ணு. ஃபார்ம்ல கை வெக்கக் கூடாது."

எனக்கும் அன்றைக்குக் கடையில் கூட்டம். சரி, யார் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று அடித்துக் கொடுத்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இருபத்தெட்டாவது நாள் காலையில், சேலம் பஸ்ஸிலிருந்து ஒரு பெரியவர் ஊன்றுகோலோடு இறங்கினார். இருபது கொண்டை ஊசி வளைவும் வயிற்றைப் புரட்டிப் போட்டிருந்தது அவர் முகத்திலேயே தெரிந்தது. வலது கை உடம்போடு ஒட்டித் தொங்கியது. ஊன்றுகோல் பிடித்த இடது கையிலேயே ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஆதார், ரேஷன் கார்டு, எங்கள் கடிதம்.

"ஏம்மா, நேர்காணல் ஆபீஸ் இதானே?" என்று என் ஜெராக்ஸ் மிஷினைப் பார்த்துக் கேட்டார்.

நான் ஓடிப்போய் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். இவரோ ஸ்டூலிலிருந்து எழுந்து, குல்லாவைச் சரி செய்து, மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். அட்டையிலிருந்த முகத்தையும் எதிரே இருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வாழ்நாளில் அவர் நேரில் பார்த்த முதல் ஆட்டக்காரர்.

"பேருங்க? பதவிங்க?"

"லெஃப்ட் விங்கு சார்." பெயரைச் சொல்லிவிட்டுப் பெரியவர் தொடர்ந்தார். "போன வருசம் வாதம் வந்து சோத்துக் கை போச்சு. பீச்சாங்கையால போட்டேன். அதான் சார் ஒத்துப்போவல. நிறுத்திடாத சார்."

என்னால் தாங்க முடியவில்லை. "பெரியவரே, இது கவர்ன்மென்ட் ஆபீஸ் இல்லீங்க. உங்க பென்ஷனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. அது எங்கயும் போகாது" என்று அவசர அவசரமாகச் சொன்னேன்.

பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எனக்குப் பென்சனே கெடையாதும்மா. கொல்கத்தாவுல ஆடினதுக்கு யாரு பென்சன் குடுத்தா? நிறுத்திடுவோம்னு லெட்டர் வந்துச்சு. நிறுத்தறதுக்கு இன்னாவோ ஒண்ணு கீதுன்னு தானே அர்த்தம்? இத்தினி நாளா எங்கியோ எம்பேர்ல ஏறிக்கினு கீதுன்னு நெனச்சேன். இன்னான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

இவர் குல்லாவைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஏற்காட்டுக் குளிரில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

"ஒண்ணும் இல்லீங்க. நான் சும்மா அட்டை சேர்க்கறவனுங்க. அந்த வரி ஃபார்ம்ல இருந்துச்சு, அப்படியே போட்டுட்டனுங்க. தப்புங்க. நொம்பத் தப்புங்க" என்றார். பிறகு என்னிடம், "அந்த வரிய ஃபார்ம்லருந்து எடுத்துரு கண்ணு. இப்பவே எடுத்துரு" என்றார். நான் அவர் கண் முன்னால் அழித்தேன்.

பெரியவர் ஊன்றுகோலைச் சுவரில் சாத்தினார். "வளைவுக்கு வளைவு நெனச்சுக்கினேதான் வந்தேன், இருக்காதுன்னு" என்றார். அப்புறம், "சரி, டீ சொல்லு. இம்மாந்தூரம் வந்துட்டேன். நீ எழுத வேண்டியத எழுதிக் குடு" என்றார்.

எழுதுவது என்று வந்ததும் இவருக்கு உயிர் வந்துவிட்டது. கையெழுத்து முடியாதவர்களுக்கு இடது கைப் பெருவிரல் ரேகை, இரண்டு சாட்சி என்று சொல்லி, என்னையும் டீக்கடைக்காரரையும் நிறுத்தி, ஸ்டாம்ப் பேடைத் திறந்தார். பெரியவர் கையை நீட்டவில்லை.

"கை வாணாம் சார். பதினாறு வருசம் ஆடினேன். ஒரு தபா கூட எங்கை பந்துல பட்டுச்சுன்னு விசில் ஊதினதில்ல. கால எடுத்துக்க."

"கை இல்லாதவங்களுக்குக் கால் பெருவிரல் ரேகை வாங்கலாமுன்னு ரூல் இருக்குதுங்க. உங்களுக்குத்தான் கை இருக்குதுங்களே."

"ஆட்டத்துல ஏது சார் கை?"

இவர் என்னைப் பார்த்தார். "அப்படியா கண்ணு?"

"ஆமாங்கய்யா. கோல்கீப்பரத் தவிர யாரும் கை வெக்கக் கூடாது."

"அப்பக் கை இல்லாத கேட்டகிரிதான்" என்று இவர் ஒப்புக்கொண்டு, மேசையை விட்டு எழுந்து வந்து தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பெரியவரின் இடது செருப்பைத் தானே கழற்றி, பெருவிரலில் ஊதா மை தடவி, அட்டையில் மெதுவாக அழுத்தி எடுத்தார். நானும் டீக்கடைக்காரரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். அட்டையைத் திருப்பி, பச்சை மையில், 'உயிருடன் உள்ளார். நேரில் கண்டேன்' என்று எழுதினார்.

பெரியவர் அதை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். "உசுரோட கீறேன்னு எனக்கே தெரியும் சார். ஆடினேன்னு ஒரு வரி எழுதேன். எங்க ஏரியாவுல எங்கூட ஆடினவன்லாம் போய்ச் சேந்துட்டான். எம்மருமவனே நான் வுடுறது கதைன்றான். நீ எழுதினா காட்டுவேன்."

"பேப்பர்ல படம் வந்திருக்குதுங்க. ஆனா நீங்க ஆடி நான் பாக்கலீங்களே" என்றார் இவர்.

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "ஐயா, அவரை மெட்ராஸ்ல இருந்து இழுத்துட்டு வந்து, கால்ல மையும் தடவிட்டு, இதுக்கும் ரூலா? ஒரு வார்த்தைங்க. எழுதினா என்ன கொறஞ்சு போயிருவீங்க?"

"பாக்காம எழுதினா இது வெறும் அட்டை கண்ணு. அவரு மருமகன் சொல்றதுதான் சரின்னு ஆயிரும்."

பெரியவர் கோபப்படவில்லை. "பாத்தா எழுதுவியா?" என்று கேட்டார்.

கடைக்குப் பக்கத்தில் டூரிஸ்ட் வேன்கள் நிற்கிற காலி மண் தரை இருந்தது. எதிர்க் கடையில் தொங்கிய ரப்பர் பந்து ஒன்றை நான் வாங்கி வந்தேன். நின்றிருந்த வேனுக்கும் கரண்டுக் கம்பத்துக்கும் நடுவில்தான் கோல். காலி கோலில் அடித்தால் சேராது, ஒரு ஆள் நிற்க வேண்டும் என்றார் பெரியவர். கிட்டத்தில் இருந்து பார்த்தால்தான் சாட்சி செல்லும் என்று இவரே போய் நின்றார். குடையைக் கூடக் கீழே வைக்கவில்லை.

முதல் உதை பிசகியது. பந்து சோர்ந்துபோய் உருண்டு வேன் சக்கரத்தில் முட்டி நின்றது. பெரியவர் தடுமாறி என் தோளைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம் என்று நான் சொன்னது அவர் காதில் விழவே இல்லை. டீக்கடைக்காரர் பந்தை எடுத்து வந்து வைத்தார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்து நின்றார்கள். பெரியவர் ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு, செருப்பில்லாத, ஊதா விரலுள்ள அந்த இடது காலைப் பின்னால் எடுத்தார்.

பந்து கோலுக்கு வெளியேதான் போனது. கம்பத்துக்கு அந்தப் பக்கமாகப் போகிறது, போச்சு என்று நினைத்தேன். போன பந்து காற்றிலேயே வளைந்து, கம்பத்தைச் சுற்றிக்கொண்டு, இவர் காதை உரசியபடி உள்ளே வந்து விழுந்தது. இவர் இமைக்கக் கூட இல்லை. சாட்சி அசையக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கூட்டம் விசில் அடித்தது.

இவர் நடந்து வந்து, வேன் முகப்பில் அட்டையை வைத்து, நிதானமாக எழுதினார். மை காய்ந்த பிறகு நீட்டினார். பெரியவர் படித்துவிட்டுத் தலையாட்டினார்.

"தப்பா எழுதிக்கீறே சார். ஆடுகிறார்னு போட்டுக்கீறே. ஆடினார்னு போடு."

"நான் பாத்தது இப்பத்தானுங்க. பாத்ததத்தானுங்க எழுத முடியும்."

பெரியவர் அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனார், ஆல்பத்தில் வைப்பதற்கு. இவர் வாங்கவில்லை. கடைக்குள் போய், நான்கு வருஷத்துப் பழைய அட்டைகளையும் ஆல்பத்திலிருந்து உருவி வந்து அவர் கையிலேயே வைத்தார். பிடித்த கையை விடுவதற்கு இவருக்கு மனசில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

"இத நான் வெச்சுக்க முடியாதுங்க. என்கிட்ட இருக்கறது ரிட்டயர்டு ஆனவங்க ஃபைல் மட்டுந்தானுங்க."

பெரியவர் அட்டைகளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அப்ப நான் எப்ப சார் ரிட்டயர் ஆவறது?"

"ஆனீங்கன்னா ஒரு லெட்டர் போடுங்க" என்றார் இவர். "வந்து பாத்துக்கறனுங்க."